இருபது நிமிடம் முந்திய திரை

அத்தியாயம் 4

புஷ்பலதா மேசைமேல் வைத்த இ-ரீடரின் திரை முழுக்க எண்ணெய்க் கைத்தடம். அதைப் பார்த்ததும் கலாதேவி காலையில் குடித்த கோப்பி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"யாரு கை இது?" என்றாள்.

"சுகுமாரன் சாரோடது மேடம். முறுக்கு சாப்பிட்டுக்கிட்டே எடுத்துக் குடுத்தாங்க. நான்தான் ஒரு டின் முறுக்கு கொண்டுபோனேன். அப்டேட் பண்ணிக் குடுத்ததுக்கு நன்றியா."

"உள்ள இருந்ததை எல்லாம் தொடச்சுக் குடுத்ததுக்கு முறுக்கா?" என்றான் பத்துமலை. "அப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்றேன்னு எரிச்சுட்டுப் போனவனுக்கு நான் கோழி பிரியாணியே போட்டிருக்கணும் லா."

புஷ்பலதா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் அவள் இல்லை.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடைக்கு மேல்மாடி, கலாதேவியின் அலுவலகம். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து, பொய் சொல்பவர்களைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று வேலையை விட்டவள் அவள். விட்டுவிட்டு வேறு என்ன செய்யத் தெரியும்? சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். ஆக, குமட்டல் தொடர்ந்தது. கைபேசி பழுது பார்த்துக்கொண்டிருந்த பத்துமலை கடையை மூடிவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஐந்து வருடம். கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

"முதல்ல இருந்து சொல்லு" என்றாள் கலாதேவி, ஈரத்துணியால் திரையைத் துடைத்தபடி.

புஷ்பலதா கோப்பெங்கில் ஒரு கிளினிக்கில் குமாஸ்தா. வயது நாற்பத்தொன்று. ஆறு வருடமாக வார இறுதி தவறாமல் பெல்வுட் தோட்டத்துக்குப் போய்வந்திருக்கிறாள். ரப்பர் மரம் எல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துத் தாமான் என்ற புதுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள்; பெயர் மட்டும் இன்னும் தோட்டம். ஒரு காலத்தில் அங்கே பால் வெட்டிய ஏழு பெண்கள் அவளிடம் வாய் திறந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பெரிய மனிதன் ஒருவன் அவர்களை என்ன செய்தான் என்பதை.

"போன்ல பதிவு பண்ண விடல மேடம். குரல் வெளிய போயிரும்னு பயம். கையால எழுதிக்கோன்னாங்க. அதான் பேனாவால எழுதுற மாதிரி உள்ள இந்த ரீடரை வாங்குனேன். அவங்க சொல்லச் சொல்ல இதுலேயே எழுதுனேன். இண்டர்நெட்ல ஏத்தமாட்டேன்னு சத்தியமும் பண்ணிக் குடுத்தேன்."

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் எடுத்து வச்சிருக்கலாமே?"

"என்னோடது அரதப்பழசு. சொருகுனா, இந்தக் கம்ப்யூட்டர் இந்தக் கருவிக்கு ஒத்துவராதுன்னு எழுத்து வரும். கிளினிக் கம்ப்யூட்டர்ல எதையும் சொருகக்கூடாதுன்னு சட்டம். போன மாசம் பேனா எழுதுறதே நின்னுபோச்சு. புது ஃபெர்ம்வேர் போட்டாத்தான் ஓடும்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. கம்ப்யூட்டர் வழியாத்தான் போடணுமாம்."

"அதுக்குத்தான் சுகுமாரனா?"

"அவங்க அம்மா மங்களம் அம்மாதான் சொன்னாங்க. 'எம்மகன்கிட்ட குடு, அடுத்தவங்க பொருளைத் திறந்து பாக்குற புள்ள இல்ல'ன்னு. வாசகர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர். நானும் எழுதுன பக்கத்துக்கெல்லாம் நாலு நம்பர் பூட்டு போட்டுத்தான் குடுத்தேன்."

போன புதன்கிழமை கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. சுகுமாரன் சொன்ன காரணம் இது: வீட்டு மடிக்கணினியில் போட்டபோது அப்டேட் பாதியில் தொங்கிவிட்டது, ரீடர் செத்துவிட்டது, கோப்பெங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் அஸ்வானிடம் கொண்டுபோனதில் அவன் எதையோ அமுக்க, உயிர் வந்தது, ஆனால் காலியாக வந்தது.

"ரொம்ப வருத்தப்பட்டாரு மேடம். 'புதுத் தொடக்கம்னு நெனைச்சுக்கங்க, மறுபடி கேட்டு எழுதுங்க'ன்னாரு." புஷ்பலதாவின் உதடு கோணியது. "ஏழு பேர்ல மூணு பேர் செத்துப்போயிட்டாங்க. முத்தம்மாக்கா போன மாசம்தான்."

புதுத் தொடக்கமாம். கலாதேவிக்கு அந்தச் சொல்லை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

"அந்தப் பெரிய மனுஷன் பேரு என்ன?"

"புத்தகம் அச்சுல வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை தோட்டத்துல புது மண்டபம் திறக்குறாங்க. அதுக்கு முன்ன அச்சாகணும்."

"மண்டபத்துக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

புஷ்பலதா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்துமலை அதற்குள் ரீடரின் வயிற்றுக்குள் புகுந்துவிட்டிருந்தான். "அக்கா, இங்க பாருங்க. அப்டேட் பாதியில நின்னா பழைய நம்பரு காட்டும், இல்ல செங்கல்லு மாதிரி கிடக்கும். இதுல புது நம்பரு இருக்கு. அப்டேட் ஜோரா முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம்தான் யாரோ செட்டிங்ஸுக்குள்ள போயி, எல்லாத்தையும் அழின்னு அமுக்கி, 'நிச்சயமா?'ன்னு இது கேட்டதுக்கு, 'நிச்சயமா'ன்னும் அமுக்கியிருக்காங்க. தொங்கல், சாவு, எல்லாம் கப்சா."

கலாதேவி திரையின் மூலையைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்துநான்கு. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்துநான்கு.

"நேரத்தை நீ மாத்துனியா புஷ்பா?"

"வெள்ளிக்கிழமை வாங்குனதுல இருந்து நான் இதைத் தொடவே இல்ல மேடம். பாத்துப் பாத்து அழத்தான் செஞ்சேன்."

"இது நேரத்தை எங்க இருந்து எடுக்கும், மலை?"

"வைஃபை இருந்தா அதுல இருந்து. இதை ஒருநாளும் வைஃபைல போடல. அப்போ எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகுறோமோ அதோட நேரத்தை எடுத்துக்கும். உள்ள இருக்குறதை அழிச்சாலும் கடிகாரம் பாட்டுக்கு ஓடும்." அவன் புருவம் ஏறியது. "அப்போ அந்தக் கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் ஃபாஸ்ட்டு. இந்தக் காலத்துல எந்தக் கம்ப்யூட்டர் தப்பு நேரம் காட்டும்? இண்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர்தான்."

"இன்னொண்ணு" என்றான் உடனே. "இந்த ஃபெர்ம்வேர் போடுற சாஃப்ட்வேர், வேலையத் தொடங்குறதுக்கு முன்ன, ரீடர்ல இருக்குற எல்லாத்தையும் சத்தம் போடாம அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் எடுத்து வச்சிரும். வேணாம்னாலும் விடாது."

புஷ்பலதா நாற்காலியில் நிமிர்ந்தாள். "அப்படின்னா?"

"அப்படின்னா உன் ஏழு பேரும் இருபது நிமிஷம் முந்தி ஓடுற ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல பத்திரமா உக்காந்திருக்காங்க" என்றாள் கலாதேவி. "இன்னும் யாரும் அதையும் துடைக்காம இருந்தா. நீ வேலைக்குப் போ. யார்கிட்டயும் மூச்சு விடாத."

புஷ்பலதா படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் பத்துமலை சொன்னான்: "பாவம், சாரை நம்புது."

"நம்பல. ரோசாக் ஆகி ஓடாம போன சாமானை யாராவது துப்பறியிற ஆள்கிட்ட கொண்டு வருவாங்களா? கடைக்குத்தான் போவாங்க. இது ரோசாக் ஆகலன்னு அவளுக்கே தெரியும். சொல்லத்தான் வாய் வரல. காடியை எடு, கோப்பெங் போகணும்."

*

பத்துமலையின் காடியில் போன வாரம் டுரியான் ஏற்றியிருக்கிறான். நாற்றம் இருக்கையில் குடியேறிவிட்டது. கோப்பெங் வரும்வரை கலாதேவி முகத்தை ஜன்னலுக்கு வெளியிலேயே வைத்திருந்தாள்.

அஸ்வானுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடை சிறியது, சுவர் முழுக்கத் தொங்கும் கேபிள்கள். இ-ரீடரைப் பார்த்ததுமே அவன் முகம் சிவந்தது.

"நான் அழிச்சேனாமா? அந்த ஆளே சொன்னாரா? அக்கா, இந்தச் சாமானை நான் கையால தொட்டதுகூட இல்ல!"

"ஆனா பாத்திருக்க."

"பாத்தேன் லா. புதன்கிழமை சாயந்திரம் தன்னோட லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. 'சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது அஸ்வான்'னாரு. எப்படித் திறக்கும்? வின்டோஸ் ஏழு. அந்தக் காலத்து லேப்டாப். முதல் பக்கத்துலயே போடான்னு சொல்லிரும். என் கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தர்றேன் சார், சும்மாவேன்னேன். வேணாம்னுட்டாரு. 'என்கிட்ட வேற ஒண்ணு இருக்கு, ஆனா இண்டர்நெட் லைன் இல்ல, பைலை மட்டும் தம்டிரைவ்ல போட்டுக் குடு'ன்னாரு. குடுத்தேன்."

"எங்க இருக்குன்னு சொன்னாரா?"

"கேக்கல. மறுநாள் காலையில போன் பண்ணாரு. அக்கா, அப்போ குரலே வேற மாதிரி இருந்துச்சு. 'செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் அழிச்சா யாராலயும் திரும்ப எடுக்க முடியாதுல்ல?'ன்னாரு. ரீடரை விக்கப் போறாரு போலன்னு நெனைச்சுக்கிட்டு, முடியாது சார், தைரியமா அழிங்கன்னேன்." அவன் நிறுத்தினான். அவனுக்கே இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அலாமாக். நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நகல் எடுத்து வைக்கும்னு சொன்னியா?"

"அதை அவர் கேக்கல, நானும் சொல்லல."

"உன் வாழ்க்கையில நீ வாயை மூடிக்கிட்டிருந்த ஒரே நேரம் அதுதான் போல" என்றான் பத்துமலை. "அல்லா காப்பாத்துனான். இன்னொரு தம்டிரைவ்ல அதே பைலைப் போட்டுக் குடு மச்சான்."

காடியில் ஏறியதும் கலாதேவி நாட்களை விரல்விட்டு எண்ணினாள். புதன்கிழமை சாயங்காலம் உதவி செய்ய வந்த மனிதன். வியாழக்கிழமை காலை அழிக்க வழி கேட்ட மனிதன். நடுவில் ஒரே ஓர் இரவு. நான்கு எண் பூட்டுக்குப் பின்னால் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததில் அவனுக்கு வேண்டிய ஒருவர் இருந்திருக்கிறார். அப்புறம் வேலையைக் கச்சிதமாக முடித்து, பழியை இந்தக் கடைக்காரன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, முறுக்கும் வாங்கித் தின்றிருக்கிறான். அந்த முறுக்கைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

*

"வாங்க, வாங்க! துப்பறியிறவங்க எல்லாம் நம்ம தோட்டத்துக்கு வர்றது எவ்வளவு பெரிய பாக்கியம்!"

சுகுமாரன் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். ஐம்பது வயது. நெற்றியில் விபூதி, பையில் மூன்று பேனா. தாமான் பெல்வுட்டின் முதல் வீடு அவருடையது. பின்னால் செம்பனை வரிசை, பக்கத்தில் மாரியம்மன் கோயில், அதை ஒட்டிப் புத்தம்புது மண்டபம். வாசலில் பெயர்ப்பலகை மஞ்சள் துணி மூடிக் கிடந்தது.

தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்ததில் கலாதேவிக்குப் பல் கூசியது. பாதி டம்ளர் சீனி.

"புஷ்பலதா நம்ம பிள்ளை மாதிரி மேடம்" என்றார் சுகுமாரன். "அவங்களுக்கு இப்படி ஆனதுல ரெண்டு நாளா எனக்குச் சோறே இறங்கல. நான் எல்லாத்தையும் சேவையா நெனைச்சுத்தான் செய்றது. தொழில்நுட்பம் நம்மளைக் கைவிட்டுருச்சு. என்ன பண்ண?"

"அந்த லேப்டாப்பைப் பாக்கலாமா?"

"தாராளமா!"

ஒளிக்க ஒன்றுமில்லாதவரைப்போல் கொண்டுவந்து வைத்தார். பத்துமலை அதில் தம்டிரைவைச் சொருகிச் சாஃப்ட்வேரைச் சொடுக்கினான். திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்தது: இந்தக் கணினியில் இது இயங்காது.

"பாதியில தொங்குச்சுன்னீங்க சார்" என்றான். "இது வாசப்படியிலயே செருப்பைக் கழட்டி அடிக்குதே."

"அன்னைக்கு... அன்னைக்கு ஓடுச்சு தம்பி. கம்ப்யூட்டர்தானே, ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது."

மடிக்கணினியின் மூலையில் நேரம் பதினொன்று முப்பத்தொன்பது. கலாதேவியின் கடிகாரமும் அதையேதான் சொன்னது. இருபது நிமிடம் எங்கே?

"வீட்ல வேற கம்ப்யூட்டர்?"

"கிடையாதுங்க மேடம். வேணும்னா தேடிப் பாருங்க. எனக்கு ஒளிவு மறைவு பழக்கமே இல்ல."

அந்த நேரத்தில் கோயில் மணி அடித்தது. டண், டண், டண் என்று நிதானமாக. சுகுமாரன் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உச்சிகாலப் பூசை" என்றார்.

கலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

"உங்க ஊர்ல உச்சி எத்தனை மணிக்கு சார்?"

"பன்னெண்டுக்குத்தான்" என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. விபூதிக்குக் கீழே வியர்வை துளிர்த்தது.

பத்துமலை தொடையில் தட்டினான். "பெரட்டு நேரம்! அக்கா, எங்கம்மா சிலிம் ரிவர் தோட்டத்துல இருந்தப்ப இதே கூத்துதான். இருட்டோட பெரட்டுல போயி பேர் குடுக்கணும். ஆபீஸ் கடிகாரத்தை, பேர் எழுதுற கிராணி எப்பவும் முன்ன தள்ளி வச்சிருப்பாரு. அதைப் பாத்து லயத்துல இருக்குறவங்களும் தள்ளி வச்சுக்குவாங்க. தோட்டம் போயும் பழக்கம் போகல. ஆனா சாமிக்குமா பெரட்டு எடுப்பாங்க?"

கலாதேவி எழுந்து கோயிலை நோக்கி நடந்தாள். பின்னால் சுகுமாரன், "மேடம், அங்க ஒண்ணுமில்ல, மேடம்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். அதுவரை அவர் ஒரு வாக்கியத்தையும் அவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை.

மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் பிச்சைமுத்து, கோயில் ஊழியர். கேட்டதற்குக் கபடமில்லாமல் பதில் சொன்னார்.

"கம்ப்யூட்டர் பன்னெண்டு காட்டுனா அடிப்பேன்மா. காலமான தலைவர் ஐயா வச்ச நேரம். அதைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

கோயில் அலுவலக அறை பக்கத்திலேயே. யாரோ நன்கொடையாகக் கொடுத்த மேசைக் கணினி, திருவிழா அழைப்பிதழ் அச்சடிக்க. இண்டர்நெட்டுக்குத் தொலைபேசி வயரும் இல்லை, ஒன்றும் இல்லை. திரையில் பன்னிரண்டு நான்கு. அதற்கு மேலே சுவரில் பிளாஸ்டிக் மாலை போட்ட பெரிய படம்: மீசையும் கோட்டுமாக ஒரு கிழவர். கீழே எழுத்து: அமரர் இராமசாமி, பெல்வுட் தோட்டப் பெரிய கிராணி, ஆலயத் தலைவர்.

"உங்க அப்பாவா?" என்றாள் கலாதேவி.

சுகுமாரன் தலையாட்டினார்.

"மண்டபத்துக்கும் இவர் பேர்தானா?"

அதற்கும் தலையாட்டல்தான். கலாதேவி படத்தை மறுபடி பார்த்தாள். மாலையில் தூசி படிந்திருந்தது.

பத்துமலை அதற்குள் ரீடரைச் சொருகிவிட்டான். கணினி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது; முன்பே பழகிய முகம். "இருக்கு அக்கா. போன புதன் ராத்திரி எடுத்த நகல். முழுசு. திருப்பிப் போடுறேன்." திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது.

சுகுமாரன் கதவில் சாய்ந்தார். "நான் கெட்டவன் இல்ல மேடம். நல்லது செய்யத்தான் வாங்குனேன். அப்டேட் முடிஞ்சு தானா திரும்ப ஓடுச்சு. பூட்டு போட்டிருக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. புது ஃபெர்ம்வேர்ல அது கழண்டுபோச்சு போல. கடைசியா எழுதுன பக்கம் அப்படியே திறந்து கிடந்துச்சு. அதுல அப்பா பேரு."

"படிச்சீங்க."

"நாலு வரி. அதுக்கு மேல எதுக்குப் படிக்கணும்? சாக்கடை. எங்கப்பா இந்தக் கோயிலைக் கட்டுனவர். நேரம் தவறாத மனுஷர். செத்தவர் மேல சேறு வீசுறதுக்கு எவளோ ஏழு பொம்பளைங்க..."

"உங்களுக்குப் பேர்கூடத் தெரியாது. இருந்தும் எவளோன்னு சொல்றீங்க."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஏழு பேர்ல மூணு பேர் போயிட்டாங்கன்னு புஷ்பலதாவே சொன்னாங்க. மிச்சம் நாலும் இன்னைக்கோ நாளைக்கோ. எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டா யாருக்கு என்ன நஷ்டம் மேடம்? ஊர் நல்லா இருக்கும்."

கலாதேவி ஆயிரம் பொய்யர்களைப் பார்த்திருக்கிறாள். காலை ஒடித்துக்கொண்டு விபத்து என்றவன், கடைக்குத் தானே தீ வைத்தவன். அவர்களிடம் வராத அருவருப்பு இந்த வெள்ளைச் சட்டையிடம் வந்தது. கிழவிகள் சாகட்டும் என்று காத்திருக்கிறான். அதைக் கைகூப்பிக்கொண்டே சொல்கிறான்.

"உங்க பக்கத்துல நிக்கவே எனக்குக் கூசுது சார்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பச்சைக் கோடு முடிந்தது. ரீடரின் திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, பெயர்ப் பட்டியல் ஒன்றைக் காட்டியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே பக்கங்கள். எதையும் திறக்காமல் பட்டியலை மட்டும் கீழே தள்ளிக்கொண்டே போனான் பத்துமலை. "ஏழு பேரும் வந்துட்டாங்க அக்கா. முத்தம்மா, நவமணி..." கடைசிப் பெயருக்கு வந்ததும் நிறுத்தினான்.

அவன் வாயடைத்துப் போனதை ஐந்து வருடத்தில் கலாதேவி முதல்முறையாகப் பார்த்தாள். எட்டித் திரையைப் பார்த்தாள். புஷ்பலதா ஏன் பெயரைச் சொல்லவில்லை, ஏன் யாரையும் கைகாட்டவில்லை என்பது இப்போது புரிந்தது.

"என்ன?" என்றார் சுகுமாரன். "என்ன இருக்கு அதுல?"

"நான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

வாசலில் எழுபது தாண்டிய ஒல்லியான பெண்மணி. கையில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்ப் போத்தல். பூசைக்கு வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"அம்மா" என்றார் சுகுமாரன்.

மங்களம் உள்ளே வந்தாள். போத்தலை மேசையில் வைத்தாள். மகனைப் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பேசினாள். "நேரம் தவறாத மனுஷர்னியே. ஆபீஸ் கடிகாரத்தை முன்ன தள்ளி வைப்பாரு. எவ்வளவு தள்ளுறதுன்னு தினத்துக்கும் மாத்துவாரு. எவ சரியா வந்தாலும், அன்னைக்கு அவரு நெனைச்சவ லேட்டு. லேட்டா வந்தவ பால் கொட்டாயிக்குப் பின்னால ஸ்டோர்ல போயி நிக்கணும். பேர் வெட்டிட்டா அன்னைக்கு வேலை இல்ல, வீட்ல சோறு இல்ல. நான் நின்னப்ப எனக்கு இருபது வயசு. கல்யாணம் எல்லாம் அதுக்கப்புறம்தான். ஊர் வாய்க்குப் பயந்து கட்டிக்கிட்டாரு."

சுகுமாரனின் கை சட்டைப் பையைத் தேடிப் பேனாக்களைப் பிடித்துக்கொண்டது.

"புஷ்பாகிட்ட முதல்ல சொன்னது நான்தான். மத்தவங்களைச் சொல்ல வச்சதும் நான்தான். மெஷினு கெட்டுப்போச்சுன்னு நீ வந்து சொன்னப்ப, என் தலையெழுத்துன்னு ரெண்டு நாள் அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து சமாதானம் சொன்ன. முறுக்கு வேற எடுத்துக் குடுத்த, சாப்பிடுங்கம்மான்னு."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா நீங்க இருக்கீங்கன்னு..."

"வேற யாரு அம்மாவாவது இருந்தா பரவாயில்லையா?"

பிச்சைமுத்து வாசலில் வந்து நின்றார். என்னவென்று புரியாமல் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி" என்று மங்களம் பத்துமலையைப் பார்த்தாள். "மத்தவங்க பக்கத்தைத் தொடாத. அது அவங்களோடது. என் பக்கத்தை மட்டும் திறந்து அவன் கையில குடு."

பத்துமலை கலாதேவியைப் பார்த்தான். கலாதேவி தலையசைத்தாள். அவன் பக்கத்தைத் திறந்து ரீடரை நீட்டினான். சுகுமாரன் வாங்கிக்கொண்டார்.

"சத்தமா வாசி" என்றாள் மங்களம்.

அவர் வாசித்தார். வாசகர் வட்டத்து மேடைகளில் கணீரென்று பேசிப் பழகிய குரல், இரண்டாவது வரியில் தேய்ந்தது. மூன்றாவது வரியில் அறவே நின்றது. ரீடரை இறக்கினார்.

"முடியலம்மா."

"எனக்கும்தான் முடியல அன்னைக்கு. யாரு விட்டா? வாசி."